சிந்தாமணியின் சொந்தக் களைப்பு

கருப்பராயன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையில் இன்னும் எரிச்சல் இருக்கிறது. இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. எங்காவது நம்ப முடியாமல் இருந்தால் அது நடந்த விஷயத்தின் குற்றம். சொல்கிறவனைக் கோபிக்கக் கூடாது.

நொய்யல் கரையில், பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் எங்கள் ஊருக்குக் களைப்பை இறக்கும் இயந்திரம் வந்த காலம் அது. என் மனைவி சிந்தாமணி அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். மேனேஜர் அவிநாசியப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, இயந்திரத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன்.

“களைப்புங்கறது உடம்புல இல்லீங்க. போதும், நிறுத்துன்னு மூளை அனுப்பற நோட்டீஸ் அது. நாங்க நோட்டீஸைக் கிழிக்கறதில்ல, பாவம். விலாசத்தை மட்டும் மாத்தறோம்.”

“யாரு விலாசத்துக்குங்க?”

“உங்க ஊட்டுக்கார அம்மிணி விலாசத்துக்குத்தானுங்க.”

“அப்ப இவ என்ன வேலை செய்யோணும்?”

“வேலையே இல்லீங்க. கட்டில்ல படுத்திருக்கோணும். மேல ஃபேன் சுத்தும். நடுநடுவுல டீ வரும்.”

சிந்தாமணி என்னைப் பார்த்தாள். படுத்துக்கொண்டே சம்பளம் வாங்கும் உத்தியோகம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதற்கு முன் யாருக்கும் வாய்த்ததில்லை. சேர்ந்துவிட்டாள்.

நிலையத்தில் அந்தப் பதவிக்கு ‘ஓய்வு அலுவலர்’ என்று பெயர். ஊர் அவர்களைச் சுமைதாங்கி என்றது. தலைச்சுமையோடு நடப்பவர்கள் இறக்கிவைத்து மூச்சு வாங்குவதற்காக அந்தக் காலத்தில் வழியோரம் நட்டிருந்த கல்லுக்கு அந்தப் பெயர். கல்லுக்குச் சம்பளம் கிடையாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

முதலில் ஊரே கொண்டாடியது. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வாசலில் ஒரு தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்தால் போதும், காலையில் வந்த மாதிரியே எழுந்துகொள்ளலாம். அப்படிப் புதுசாக எழுந்து நிற்பவனை வீட்டுக்கு அனுப்ப எந்த முதலாளிக்கு மனசு வரும்? அடுத்த ஷிப்டுக்கு உட்கார வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காணாமல் போயிற்று. அதை யாரும் எடுத்ததாகச் சொல்ல முடியாது. ஒரு வாரம் வந்தது, மறு வாரம் வரவில்லை. டீக்கடைகள் நொடித்தன. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து தூங்குபவர் ஒருவரும் இல்லாமல் போனதால் ஊரில் புதுச் சிநேகிதம் குறைந்தது. கொட்டாவி என்றால் என்ன என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். வாத்தியாருக்கு விட்டுக்காட்டத் தெரியவில்லை. நூலகத்திலிருந்து படம் கொண்டுவந்து காட்டினார்.

உடம்பு மட்டும் நோட்டீஸ் இல்லாமலே தேய்ந்தது. எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கும் ஒருவருக்குக் கண் செருகியது அவருக்கே தெரியவில்லை. விரலையும் சேர்த்துத் தைத்துவிட்டார். வெளிநாட்டு ஆர்டர் என்பதால் விரலை மட்டும் பிரித்துக்கொண்டு பனியனை அனுப்பிவைத்தார்கள். நான் அங்கே மெஷின் மெக்கானிக். ஊசியை மாற்றிக் கொடுத்தவன் நான்தான், அதனால் தெரியும்.

சிந்தாமணி சாயங்காலம் வீட்டுக்கு வருவது ஊர்வலம் வருகிற மாதிரி இருக்கும். வருகிற ஆள் ஒருத்தி, நடை ஒரு கூட்டத்தினுடையது. ஒரு காலில் செக்கிங் பெண்கள் நின்று நின்று வீங்கிய கனம், இன்னொரு காலில் லாரி டிரைவருடைய கனம். கதவுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்பாள். செருப்பை நான் கழற்றிவிடுவேன். முகூர்த்த நாளானால் இன்னும் மோசம். கல்யாண வீட்டுக்காரர்கள் மொத்தமாக வந்து இறக்கிவிட்டுப் போவார்கள்.

“பொண்ணுது பரவால்லீங்க,” என்பாள். “விடியறதுக்கு முன்னயே எந்திரிச்ச களைப்பு, அவ்வளவுதான். சமையல்காரருது கூடத் தாங்கிக்கலாம். மாப்பிள்ளையோட தாய்மாமன் ஒருத்தர் வந்தாருங்க. ஒரு வேலையும் செய்யல. அவருதுதான் எல்லாத்தையும் விடக் கனம்.”

இப்படியே வருடங்கள் போயின. அவளுக்கென்று ஒரு களைப்பு இருந்ததா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் வீட்டில் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, நடு வாசலில் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன தேடுகிறாய் என்றேன்.

“இவ்வளவு துவைச்சேனே, அந்தக் களைப்பு எங்க போச்சுன்னு பாக்கறேனுங்க. மத்தவங்களுதுக்கு அடியில எங்கியோ கெடக்குது. எடுக்கவே முடியல.”

அதற்கும் பிறகு ஒருநாள், செருப்பைக் கழற்றக் குனிந்த என்னிடம் மேலிருந்து சொன்னாள்.

“இன்னைக்கு உங்களுது வந்துச்சுங்க.”

“என்னுது எதும்மா?”

“களைப்பு. வர்றது யாருதுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஆனாத் தெரிஞ்சு போச்சு. மெஷினுக்கு அடியில குனிஞ்ச இடுப்பு. சூப்பர்வைசரைத் திட்டோணும்னு வாய் வரைக்கும் வந்து முழுங்கின கசப்பு. அதுல ஒரு பங்கு, ஸ்டோர் ரூமுல சும்மா உக்காந்திருந்த களைப்பு.”

“அது நானில்ல.”

“நீங்கதானுங்க.”

கம்பெனி எங்கள் எல்லோரையும் கட்டாயமாக அந்தத் தொப்பியில் உட்கார வைத்தது. தொப்பியின் அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதும் இல்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். நான் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, களைத்துக் கிடக்கும் அவளிடம், படுத்தே இருக்கிறவளுக்கு என்ன இவ்வளவு களைப்பு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் கோபப்படவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. சுவரைப் பிடித்து நிமிர்ந்து நின்று சொன்னாள்:

“நான் நின்னுக்கறேனுங்க. வேற வேலை பாக்கறேன். நானா ஒரு வேலை செஞ்சு, நானா களைச்சு, நானா தூங்கோணும். அது எதா இருந்தாலுஞ் சரி.”

அன்றிலிருந்து அவள் பேச்சு மாறவில்லை.

ஆனால் நிலையத்திலிருந்து விலகுவது லேசான காரியம் இல்லை. அவிநாசியப்பன் தன் கையால் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டால்தான் விலகியதாகக் கணக்கு. அவர் யாருடையதையும் ஏற்றதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. “நாளைக்குப் பேசிக்கலாம் அம்மிணி, இன்னைக்குக் களைப்பா இருக்கறீங்க,” என்பார். மறுநாள் வாதாட வருகிறவளுக்கு முந்தின நாளைவிடத் தெம்பு குறைந்திருக்கும். அவர் கெட்டிக்காரர். ஒரு சண்டையும் போடாமலே எல்லாச் சண்டையிலும் ஜெயித்துவந்தார்.

சிந்தாமணி குழாயடியில் யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். பழகின சுமைதாங்கி ஒருத்தி வெளியே வரப்போகிறாள் என்று செய்தி பரவி, வீட்டு வாசலில் கார்கள் வந்து நிற்க ஆரம்பித்தன.

முதலில் வந்தவர்கள் உடம்பு இளைக்க வைக்கும் நிலையத்துக்காரர்கள். பெரிய வீட்டுக்காரர்கள் பத்தியம் இருக்கும்போது வருகிற பசியை இவள் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று வேளையும் சாப்பாடு அவர்களே போடுவார்களாம், இலை நிறைய. எனக்கு அது நல்ல உத்தியோகமாகப் பட்டது.

“தின்னா எனக்குப் பசி அடங்குமுங்களா?” என்று சிந்தாமணி கேட்டாள்.

“அது அவங்க பசிங்களே. நீங்க தின்னா எப்படிங்க அடங்கும்?”

“அப்ப என்னத்துக்குங்க எனக்கு இலை போடறீங்க?”

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்து வந்தது ஒரு அரசியல் தலைவரின் உதவியாளர். ஆளும் கட்சியா, எதிர்க்கட்சியா என்று கேட்காதீர்கள். தலைவரே அப்போது முடிவு செய்திருக்கவில்லை. உதவியாளர் முப்பது வயது மதிக்கத்தக்க பையன். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தான். கண் மட்டும் கசங்கியிருந்தது. தலைவருடைய மனசாட்சி உறுத்தலை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம். சம்பளத்தைச் சொன்னான். நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

“வெள்ளோட்டம் பாத்துக்கலாங்கம்மா,” என்று பெட்டியிலிருந்து தொப்பியை எடுத்து அவள் தலையில் மாட்டினான். “ஐயா இப்ப ஒரு கூட்டத்துல பேசிட்டிருக்காரு. வாக்குறுதி குடுக்கற இடம். வரும்.”

சிந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். சுவர்க்கடிகாரம் ஓடியது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“ஒண்ணும் வரலீங்களே தம்பி.”

“இன்னும் கொஞ்சம் பாருங்க. இப்ப அணைக்கட்டு விஷயம் பேசுவாரு.”

மேலும் கொஞ்சம் பார்த்தாள். கண்ணைத் திறந்தாள்.

“ஒண்ணுமே இல்லீங்க.”

“அதாங்கம்மா. ரொம்பச் சுலபமான வேலை.”

எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்துவிட்டது. எழுந்து அவன் கையைக் குலுக்கிவிட்டேன். சிந்தாமணி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“இல்லீங்க. எதுவும் வராத எடத்துல உக்காந்து மாசாமாசம் சம்பளம் வாங்கினா, ரெண்டு மாசத்துல உறுத்தல் வந்துரும். அது எனக்கு வந்ததா இருக்கும்.”

“யோசிச்சுச் சொல்லு அம்மிணி,” என்றேன் நான்.

“யோசிச்சுட்டேனுங்க.”

பையன் தொப்பியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான். எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பிவந்தான். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டான்.

“அவருது வேண்டாங்கம்மா. என்னுதை எடுத்துக்குவீங்களா? நான் தனியாக் குடுத்தர்றேன். நான்தாங்கம்மா எல்லாத்தையும் எழுதிக் குடுக்கறது.”

சிந்தாமணி அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

“அது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. நீங்க வந்த கார்ல ஒழுங்கா வேலை செய்யறது அது ஒண்ணுதான்.”

அவன் போன பிறகு நான் ஒரு பாட்டம் புலம்பினேன். பசியும் வேண்டாம், உறுத்தலும் வேண்டாம் என்றால் எவன் வேலை கொடுப்பான் என்றேன். “வர்றவங்களையே பாத்துட்டிருந்தா இப்படித்தானுங்க. நானாப் போய்க் கேக்கறேன்,” என்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் கழுவும் ஷெட்டுக்குப் போனாள்.

பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் அந்த ஷெட்டை நடத்தியவர் மும்தாஜ் அக்கா. ஊரில் அந்தத் தொப்பியைத் தலையில் வைக்காதவர் அவர் ஒருவர்தான். முக்காட்டுக்கு மேல் தொப்பி உட்காரவில்லை, முக்காட்டை எடுக்க அவருக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான் காரணம். ரப்பர் குழாயை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஏணியில் நின்றபடியே பேசினார்.

“சம்பளம் கம்மி. முன்னாடியே சொல்லிடறேன்.”

“சரிங்கக்கா.”

“வெயில்ல தகரம் கொதிக்கும். மழையில வழுக்கும். சீட்டுக்கடியில என்னென்ன இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன், நீயே பாத்துக்க.”

“சரிங்க.”

“ஒரு வருஷத்துல முதுகு போயிரும்.”

“யாரு முதுகுங்கக்கா?”

மும்தாஜ் அக்கா குழாயை நிறுத்திவிட்டு முதன்முறையாக அவளைச் சரியாகப் பார்த்தார்.

“இதென்ன கேள்வி? உன் முதுகுதான்.”

“அப்ப வர்றேனுங்க,” என்றாள் சிந்தாமணி.

இனி மிச்சம் இருந்தது அவிநாசியப்பனிடம் விடை வாங்குவது. அதற்கு அவள் வெள்ளிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தாள். எந்தக் களைப்பும் இன்னும் ஏறாத நேரம். தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, ஒரு பெரிய தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூ எல்லாம் அடுக்கிக்கொண்டாள். நான் பின்னால் நடந்தேன். நிலையத்தில் ஓய்வு அலுவலர்கள் ஏழெட்டுப் பேர் கட்டில்களில் படுத்திருந்தார்கள். அவிநாசியப்பன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

சிந்தாமணி நேராக அவர் முன் போய் இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள்.

எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் முன்னால் அப்படித் தட்டு நீண்டால் அவர் என்ன செய்வார் என்பது அவர் கையில் இல்லை. போனைக் கீழே வைத்தார். எழுந்தார். செருப்பை உதறினார். துண்டைத் தோளிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் கேட்டார்.

“என்ன விசேஷமுங்க அம்மிணி? உங்க ஊட்ல யாருக்குக் கல்யாணம்?”

“யாருக்குமில்லீங்க. நான் வேலையை உட்டு நிக்கறேன். நீங்களும் உங்க கையால வாங்கிட்டீங்க.”

அவர் அப்போதுதான் தட்டைச் சரியாகப் பார்த்தார். தட்டைத் திருப்பி நீட்டினார். சிந்தாமணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இதெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாமுங்க. இன்னைக்கு நீங்க களைப்பா...”

“இன்னும் களைக்கலீங்க. காலையிலதானே வந்திருக்கறேன். தட்டைத் திருப்பறதா இருந்தா இத்தனை பேருக்கு முன்னால திருப்புங்க. கையில வாங்கின தட்டைத் திருப்பினா நம்ம சனத்துல என்ன பேசுவாங்கன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.”

கட்டில்களில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். அவிநாசியப்பன் லேபர் ஆபீசருக்குப் பயப்படாதவர், கோர்ட்டுக்குப் பயப்படாதவர். தட்டை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார். தட்டு சாய்ந்து தேங்காய் உருண்டது. அதை நான் பிடித்து மறுபடியும் தட்டில் வைத்தேன்.

“போயிட்டு வாங்க அம்மிணி,” என்றார் கடைசியில்.

மறுநாள் காலை நிலையத்தின் வாசலில் வரிசை நின்றது. அத்தனை ஓய்வு அலுவலர்களும் ஆளுக்கொரு தட்டோடு வந்திருந்தார்கள். அவிநாசியப்பன் இரண்டு கையையும் வேட்டி மடிப்புக்குள் ஒளித்துவைத்துப் பார்த்திருக்கிறார். தட்டைக் கண்டதும் கை தானாக வெளியே வந்துவிட்டதாம். உச்சிவேளையில் எனக்குப் போன் செய்தார்.

“ஏனுங்க, கட்டில்ல ஒருத்தரும் இல்லீங்க. ஆளில்லாத விலாசத்துக்குப் போன நோட்டீஸ் எல்லாம் அனுப்பினவங்களுக்கே திரும்பிட்டு இருக்குதுங்க. இன்னைக்குது மட்டுமில்ல, பழசும் சேர்ந்து... எனக்கே ரெண்டு வருஷத்துது...”

அதன்பிறகு குறட்டை கேட்டது.

நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஊர் தூங்க ஆரம்பித்திருந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் கையை நீட்டியபடியே தூங்கினார். கம்பெனிகளில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளிகள் ஓடிப்போய் எழுப்பப் பார்த்து, எழுப்பின இடத்திலேயே சாய்ந்தார்கள். தாலி கட்டப்போன மாப்பிள்ளை முதல் முடிச்சோடு தூங்கிவிட்டார். மூன்றாவது முடிச்சு மறுநாள்தான் விழுந்தது. ஒரு விபத்தும் நடக்கவில்லை. எங்கள் ஊர் டிரைவர்கள் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, இண்டிகேட்டரையும் அணைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்கள். இந்த ஒன்றை மட்டும் நம்பச் சிரமமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

ஊரில் விழித்திருந்து வேலை செய்தவர்கள் இரண்டே பேர். மும்தாஜ் அக்காவுக்குத் திரும்பிவர எதுவும் இல்லை. சிந்தாமணிக்கோ, உடம்பில் ஏறிக்கிடந்ததெல்லாம் சொந்தக்காரர்களைத் தேடி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஷெட்டில் நின்ற பஸ்களைக் கழுவினார்கள். டிரைவர் ஸ்டீயரிங்கில் தலைவைத்துத் தூங்கினால், தலையைத் தூக்கி அடியில் துடைத்துவிட்டு மறுபடியும் மெதுவாக வைத்தார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு சிந்தாமணி வீட்டுக்கு வந்தாள். முழங்கை வரை அழுக்கு, பாவாடை நனைந்திருந்தது. அவள் பின்னால் ஊர்வலம் இல்லை. ஒருத்தி வந்தாள், ஒருத்தியின் நடை. செருப்பைத் தானே கழற்றினாள். இடுப்பில் கையை வைத்து வளைந்து பார்த்தாள், வலித்தது. தோளை அழுத்திப் பார்த்தாள், அங்கேயும் இருந்தது. சின்னக் களைப்புதான், ஒரு ஆள் அளவு. நான் தரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன், இத்தனை வருடத்து மெஷின்களின் அடியில் குனிந்ததெல்லாம் திரும்பி வந்த பாரத்தில். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க,” என்றாள். “எனக்குக் களைப்பா இருக்குதுங்க.”

புது நகை போட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பவள் முகம் மாதிரி இருந்தது அவள் முகம். அப்புறம் ஒரு கொட்டாவி விட்டாள். நீளமானது, யாரிடமும் கடன் வாங்காதது. அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன். ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஊர் எழுந்தபோது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. அதை மறுபடியும் விட்டுக்கொடுக்க யாரும் சம்மதிக்கவில்லை. நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். சிந்தாமணி நெடுங்காலம் அந்த ஷெட்டில் பஸ் கழுவினாள். மும்தாஜ் அக்கா சொன்னபடியே முதுகு போயிற்று. அதைப் பற்றி அவள் ஒருவரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை.

இதைக் கேட்டவர்களில் சிலர், அந்த அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வீடு தேடி வருகிறார்கள். உட்காரச் சொல்லி, டீயை நானே போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.